சிவப்புக்கு அடுத்த பக்கம்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பில் நாங்கள் பிள்ளைகளாக இருந்த நாளில், அம்மம்மா சிரட்டைக் கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கி, அடித்தகட்டுக்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் புறங்கையைப் பிடிப்பார். "சூடு காணும், சட்டையைக் கொண்டு வா" என்பார். தகடு கறுப்பாகத்தான் இருக்கும். சூடான காற்று மேலே போய்விடும். கீழே இருந்த கையைச் சுட்டது ஒளி. கண்ணுக்குத் தெரியாத ஒளி. பாடநூலில் செந்நிறக் கீழ்க் கதிர் என்று படித்திருப்பீர்கள், அகச்சிவப்பு என்றும் சொல்வார்கள்.

1800இல் இங்கிலாந்தில் இதைப் பிடித்தவர் வில்லியம் ஹேர்ஷல், யுரேனஸைக் கண்டுபிடித்த அதே மனிதர். சூரியனைப் பார்க்க நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டபோது, சிலவற்றில் வெளிச்சம் குறைவு, சூடோ அதிகம். நிறத்துக்கு நிறம் சூடு வேறா? அரியம் என்ற முக்கோணக் கண்ணாடியால் வெயிலை நிறங்களாகப் பிரித்து மேசையில் விழுத்தினார். குமிழில் கறுப்புப் பூசிய வெப்பமானியை நிறத்துக்குள் வைத்தார். நிறம் படாத இடத்திலும் வெப்பமானி வைத்தார், அறையின் சூடு தெரிய வேண்டுமே. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது அந்தப் பக்கத்து வெப்பமானிதான். ஊதாவில் 2 பாகை ஏறியது, சிவப்பில் ஏறத்தாழ 7, பரனைட் கணக்கில். பிறகு சிவப்பையும் தாண்டி வெறும் மேசையில் வைத்தார். அங்கேயும் ஏறியது, சிவப்பைவிட அதிகமாக. திரும்பச் சொல்கிறேன்: ஒன்றுமே தெரியாத இடத்தில்.

சரி, இந்த ஒளியில் வானத்தைப் பார்க்க ஏன் இத்தனை காலம்? காற்றிலுள்ள நீராவி இந்தக் கதிரை விழுங்கிவிடும்; வாவிக் கரையில் புழுங்கும் நமக்கு நீராவியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அதைவிட, தொலைகாட்டியே இந்த ஒளியை வீசுகிறது. உங்கள் உடம்பும்தான். எரியும் அடுப்புக்குள் நின்று தூரத்து மின்மினியைத் தேடுவது போல. அதனால்தான் 1961இல் பிராங்க் லோ என்ற அமெரிக்க அறிஞர், ஜேர்மேனியம் என்ற மூலகத்தால் செய்த தன் வெப்ப உணரியைத் திரவ ஈலியத்தில் குளிரவைத்தார். 1983இல் ஐராஸ் செய்மதி தொலைகாட்டியையே ஈலியத்தால் குளிர்வித்துக்கொண்டு போனது. பத்து மாதத்தில் ஈலியம் தீர்ந்தது, வேலையும் முடிந்தது. அதற்குள் வேகா விண்மீனைச் சுற்றித் தூசி இருப்பதைக் காட்டிவிட்டது.

இதே ஒளியைப் பார்க்கும் வெப் விண்வெளித் தொலைகாட்டி பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். 2021 நத்தார் தினத்தில் ஏவினார்கள். 6.5 மீற்றர் ஆடி, வெயிலை மறைக்க டென்னிஸ் திடல் அளவில் ஐந்தடுக்குத் திரை. எல்லாம் குளிருக்காக.

இன்றிரவு தொலைக்காட்சி ரிமோட்டைக் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமெராவுக்கு நேரே பிடித்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு புள்ளி மின்னும். கமெராவை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பாருங்கள், அது இராது. வணக்கம்.