39 டாலர் 60 சென்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சொகுசுப் படகு. உள்ளே ஒரு கோடீஸ்வரரின் மகள், சாப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடித்து அறையில் அடைந்து கிடக்கிறாள். தகப்பனார் சுடச்சுட உணவை எடுத்துவந்து ஆசை காட்டிப் பார்க்கிறார். அவள் தட்டைத் தட்டிவிடுகிறாள். அவர் ஓங்கி ஓர் அறை கொடுக்கிறார். அடுத்த நொடி அவள் கடலில் குதித்து நீந்திப் போய்விடுகிறாள். 1934 பிப்ரவரியில் வெளியான 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' என்ற அமெரிக்கப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. இயக்கியவர் ஃபிராங்க் காப்ரா, திரைக்கதை எழுதியவர் ராபர்ட் ரிஸ்கின்.

இதைப் போன வாரம், கல்லூரியில் படிக்கும் என் மகளுடன் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே அவளுக்குத் தயக்கம். ஆனால் அந்தத் தட்டு பறந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

கதை சிறியது. எல்லி என்ற அந்தப் பெண், தகப்பனாருக்குப் பிடிக்காத மாப்பிள்ளையைத் தேடி மயாமியிலிருந்து நியூயார்க்குக்கு இரவு பஸ்ஸில் ஏறுகிறாள். அதே பஸ்ஸில் பீட்டர், வேலையை இழந்த பத்திரிகை நிருபர். கிளாடெட் கோல்பேரும் கிளார்க் கேபிளும் நடித்தார்கள். வழியெல்லாம் சண்டை. இந்த வகைப் படங்களை அமெரிக்கர்கள் 'ஸ்க்ரூபால்' நகைச்சுவை என்கிறார்கள். அது பேஸ்பால் விளையாட்டுச் சொல். வழக்கமாகச் சுழலும் பந்து எந்தப் பக்கம் வளையுமோ, அதற்கு எதிர்ப்பக்கம் வளைகிற பந்து. பொருத்தமான பெயர்தான். இந்தப் படங்களில் அன்பு வர வேண்டிய இடத்தில் எல்லாம் வாக்குவாதம் வருகிறது.

ஆனால் இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வாக்குவாதத்துக்காக அல்ல. பசிக்காகவும் பணக் கணக்குக்காகவும்தான். அப்போது அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தின் பிடியில் இருந்தது. 1933இல் உழைப்பாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. படத்தில் அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. பஸ்ஸில் எல்லோரும் கூடிப் பாடிய சற்று நேரத்தில் ஒரு தாய் மயங்கிக் கிடப்பது தெரிகிறது. சாப்பிட்டு நாளாகிவிட்டது என்று அவளுடைய சிறுவன் அழுகிறான். இருந்த பணமெல்லாம் டிக்கெட்டுக்குப் போய்விட்டது. எல்லி, பீட்டர் இருவரிடமும் மிஞ்சியிருந்த பணம் அந்தச் சிறுவன் கைக்குப் போகிறது. அதன் பிறகு இவர்களும் பட்டினிதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வைக்கோலில் படுத்து எழுந்த மறுநாள் காலை, பீட்டர் பச்சைக் காரட்டை நீட்டுகிறான். அவள் முகம் சுளித்து ஒதுக்குகிறாள். பிறகு ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவனிடம் கேட்டுச் சாப்பிடலாம் என்கிறாள் எல்லி. பீட்டருக்கு அது தன்மானப் பிரச்சினை, கூடாது என்று சீறுகிறான். அந்தக் கார்க்காரன் இவர்கள் பெட்டியோடு கம்பி நீட்டுகிறான். பீட்டர் துரத்திப் போய், அடிபட்ட முகத்தோடு அதே காரை ஓட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். பக்கத்தில் உட்கார்ந்த எல்லி ஒன்றும் பேசாமல் அவன் கோட்டுப் பையில் கையை விடுகிறாள். காரட்டை எடுத்து ஒரு கடி கடிக்கிறாள். படகில் தட்டைத் தட்டிவிட்ட அதே கை! அவள் மனம் மாறிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வசனமும் சொல்லியிருக்காது.

உறுத்தும் இடமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இப்படிப்பட்ட பெண்ணை நாளுக்கு ஓர் அடி அடிக்கிறவன்தான் கட்ட வேண்டும் என்ற பொருளில் பீட்டர் ஒரு வசனம் பேசுகிறான். என் மகள் படத்தை நிறுத்திவிட்டு, "இதற்கு அப்போது சிரித்தார்களா, அப்பா?" என்று கேட்டாள். சிரித்தார்கள் என்றேன். காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வசனம் தவறுதான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு முகம் சுருங்குகிறது.

அந்த வசனம் வரும் காட்சியே படத்தின் சிகரம் என்பது இன்னொரு வேதனை. மகளைக் கண்டுபிடித்துத் தருகிறவருக்குத் தகப்பனார் 10,000 டாலர் அறிவித்திருக்கிறார். எல்லி தகப்பனாரிடம் திரும்பிய பிறகு பீட்டர் வந்து நிற்கிறான். பரிசுப் பணத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று அவர் நினைக்கிறார். அவன் ஒரு பட்டியலை நீட்டுகிறான். பெட்ரோல் போடுவதற்காக விற்ற கோட்டுக்கு 15 டாலர், தொப்பிக்கு 4 டாலர், பெட்டி, சட்டைகள், கைச்செலவு. மொத்தம் 39 டாலர் 60 சென்ட். அது மட்டும் போதும் என்கிறான். அவளைக் காதலிக்கிறாயா என்று பெரியவர் விடாமல் கேட்க, கடைசியில் கத்தியே ஒப்புக்கொள்கிறான். சென்ட் வரை கணக்குப் பார்க்கிறவன் 10,000 டாலரைத் தொடவில்லை என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பெரியவர் அவனை நம்புகிறார். நானும் அங்கேதான் அவனை நம்பினேன்.

சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து முக்கிய ஆஸ்கர் விருதுகளையும் இந்தப் படம் ஒருசேர வென்றது. அப்படி வென்ற முதல் படம் இதுதான். நம் சென்னை ஏவி.எம். நிறுவனம் 1956இல் ராஜ் கபூரையும் நர்கிஸையும் வைத்து இதே கதையை இந்தியில் 'சோரி சோரி' என்று எடுத்தது.

படத்தில் வரும் ஒரு போர்வையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழையில் பாலம் உடைந்து, சாலையோரக் குடிலில் இருவரும் ஒரே அறையில் தங்கும் இரவில், கட்டில்களுக்கு நடுவே பீட்டர் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறான். விவிலியத்தில் எக்காளம் ஊதியதும் இடிந்து விழுந்த எரிகோ மதில் என்று அதற்குப் பெயர் வைக்கிறான். ஊதி இடிக்க என்னிடம் எக்காளம் இல்லை என்கிறான். கடைசிக் காட்சியில் காதலர்கள் இருவரையும் நாம் பார்ப்பதே இல்லை. வேறொரு குடிலை நடத்தும் வயதான தம்பதி வாசலில் நின்று, இவர்கள் எதற்குக் கயிறும் போர்வையும் கேட்டார்கள், பொம்மை எக்காளம் எதற்கு என்று வியந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளிருந்து எக்காளம் ஒலிக்கிறது. போர்வை தரையில் விழுகிறது. விளக்கு அணைகிறது.

என் மகள் உடனே எழுந்துகொள்ளவில்லை. காரட் காட்சிக்குத் திரும்பப் போய் அதை இன்னொரு முறை பார்த்தாள்.

நன்றி. வணக்கம்.