ஈரக் காற்றும் ஒளியின் பாதையும்

வணக்கம் நேயர்களே.

கோடை மதியத்தில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் அதே சாலையைப் பாருங்கள். காற்றில் ஈரம் கூடியிருக்கும், ஆனால் அந்த நெளிவைக் காணோம். அதனால், ஈரப்பதம் ஒளியை என்ன செய்கிறது என்று பேச வந்த நான் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற ஒளியை அலைக்கழிப்பது பெரும்பாலும் வெப்பம்தான்.

காற்றின் ஒளிவிலகல் எண், அதாவது வெற்றிடத்தைவிடக் காற்றில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பது, சுமார் 1.0003. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் இந்த எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். கேட்பதற்கு அற்பம். ஆனால் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சுழன்று கலக்கிற இடத்தில் ஒளிக்கற்றை பல கிலோமீட்டர் போக வேண்டியிருந்தால், வழியிலுள்ள ஒவ்வொரு சுழலும் அதைக் கொஞ்சம் திருப்பிவிடும். விண்மீன்கள் மினுக்குவதும் இதனால்தான். நீராவியும் இந்த எண்ணை மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொறுத்தவரை அந்த மாற்றம் மிகச் சிறியது.

ஈரம் உதவியே செய்கிற இடமும் உண்டு. உதய்பூரில் ஃபதே சாகர் ஏரியின் நடுவே ஒரு சிறு தீவில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1970களில் அரவிந்த் பட்நாகர் அதை அமைத்தார். சூரியனைப் பகலில்தான் பார்க்க முடியும். பகலிலோ தரை கொதித்து, அதன் மேலுள்ள காற்றைக் கலக்கிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அப்படி ஆவதில்லை. வெயிலின் ஆற்றலில் ஒரு பகுதி ஏரியின் ஆழத்துக்குள் இறங்குகிறது; பெரும் பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். அவ்வளவும் காற்றைச் சுடவைக்காமல் போகிற வெப்பம். கலிபோர்னியாவின் பிக் பேர் சூரிய ஆய்வகமும் ஏரிக்குள் அமைந்ததற்கு இதுவே காரணம். தொலைநோக்கியை மலையுச்சிக்குக் கொண்டுபோவதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம்; ஏரிக்குள் கொண்டுபோன இந்த யோசனையையும் நம் மாணவர்கள் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஈரத்துக்குக் காற்றைக் கலக்கவே தெரியாதா? தெரியும். நீராவி மூலக்கூறின் எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி எடை 29. ஈரக் காற்று கனமானது என்று நினைப்போம். உண்மையில் அதுதான் லேசு. கடலும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போதுகூட, ஆவியான ஈரக் காற்று மேலே எழும்பிக் கலக்கத்தைத் தொடங்கி வைக்கும். வெப்ப வேறுபாடு குறைந்துவிட்ட அந்த நேரத்தில் ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கமும் கணக்கில் சேரும். கடலுக்கு மேலே லேசர் அனுப்புகிறவர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது.

மூடுபனியை நீராவியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூடுபனி என்பது நீர்த்துளிகள்; ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும். காங்கோ ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற பிராசவில், கின்ஷாசா நகரங்களுக்கு இடையே 2021இல் தாரா என்ற திட்டம் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒளிக்கற்றை வழியாக இணையத்தைக் கொண்டுபோனது. புழுக்கமான ஊர்தான், ஆனால் மூடுபனி அபூர்வம். இப்படிப்பட்ட இணைப்புகளுக்கு 1.55 மைக்ரான் அலைநீளத்தை விரும்பி எடுப்பார்கள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்குக் கொஞ்சம் கீழே 1.4 மைக்ரானை ஒட்டியும், மேலே 1.9 மைக்ரானை ஒட்டியும் நீராவி ஒளியை விழுங்கிவிடும்.

அலைநீளம் மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டதும் கதை தலைகீழாகிறது. அங்கே நீராவிதான் முதல் தொல்லை. தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கினால் 1 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அலையின் பாதையை ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் நீட்டிவிடும். பல அலைவாங்கிகள் சேர்ந்த அல்மா என்ற வானொலித் தொலைநோக்கி பிடிக்கிற மிகச் சிறிய அலைகளின் நீளமோ சுமார் 0.3 மில்லிமீட்டர்தான். நீராவியில் 0.05 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தாலே ஒரு முழு அலை தள்ளிப்போகும்! அதனால்தான் அல்மாவைச் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் நிறுவினார்கள். அதுவும் போதவில்லை. 183 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நீராவி தானே அலைகளை வெளிவிட்டு ஒளிர்கிறது. 12 மீட்டர் அலைவாங்கிகளில் பொருத்திய கருவிகள் அந்த ஒளிர்வை இடைவிடாமல் அளக்கின்றன. ஒவ்வோர் அலைவாங்கிக்கும் மேலே எவ்வளவு நீராவி கடந்துபோகிறது என்பது அதிலிருந்து தெரியும். அந்தக் கணக்கை வைத்து, அலை தாமதித்த அளவைத் திருத்திவிடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.