பாசிக்குள் ஒரு நீர்க்கரடி

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கேட்பவர்களுக்கும், அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு ஒரு காதை மட்டும் இங்கே கொடுத்திருப்பவர்களுக்கும் வணக்கம். எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் சுவர்க்கடிகாரத்தைக் காட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்திக்கொண்டு போனார். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் பேச வந்தது நீர்க்கரடியைப் பற்றி. டார்டிகிரேட் என்ற பெயரில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பேராசிரியர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிகளைத் துடைத்து, எண்ணி, பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுத்து, உடைந்ததற்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். அந்த வேலையில் ஒட்டிக்கொண்ட கிறுக்கு இது. ஓய்வு பெற்றும் விடவில்லை.

முதலில் ஒரு சண்டையைப் போட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. ‘உலகத்தில் சாகாத ஒரே பிராணி நீர்க்கரடி! கொதிக்க வைத்தாலும் சாகாது, உறைய வைத்தாலும் சாகாது, விண்வெளியில் தூக்கிப் போட்டாலும் சாகாது!’ கூடவே ஒரு பயங்கரமான படமும் இருக்கும். தெரிந்தவர்கள் எல்லாரும் அதை எனக்கே அனுப்பிவைக்கிறார்கள். நேயர்களே, நீர்க்கரடி சாகும். சர்வ சாதாரணமாகச் சாகும். புழு தின்றால் சாகும், உண்ணி தின்றால் சாகும், இன்னொரு நீர்க்கரடியே அதைப் பிடித்துத் தின்றுவிடும். எதுவும் தின்னாமல் விட்டாலும், ஓடியாடி இருந்தால் சில மாதம், மிஞ்சிப்போனால் இரண்டொரு வருடம்தான் அதன் ஆயுள்.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் அதைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள்? அதைச் சொல்வதற்கு முன்னால், பிராணி எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன். தேடிக்கொண்டு தூரம் போக வேண்டாம். உங்கள் புளோக்கில் மழைநீர் வடியும் சிமெண்டு விளிம்பைப் பாருங்கள். தாழ்வாரத்துப் பூந்தொட்டியின் ஓரத்தைப் பாருங்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் பட்டையைப் பாருங்கள். பச்சையாக, மெத்மெத்தென்று பாசி படர்ந்திருக்கிறதா? அதற்குள் தேடினால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதுவரை 1,300 இனங்களுக்கும் மேல் பெயர் வைத்துவிட்டார்கள். இமயமலையில் இருக்கிறது, ஆழ்கடலில் இருக்கிறது, அண்டார்க்டிகாவில் இருக்கிறது.

நுண்ணோக்கிக்குக் கீழே அது எப்படி இருக்கும்? வானொலியில் படம் காட்ட முடியாது, சொல்லித்தான் பார்க்கிறேன். உருளையான, மடிப்பு மடிப்பான உடம்பு. எட்டுக் கால். ஒவ்வொரு காலின் நுனியிலும் வளைந்த நகங்கள். முன்னால் உள்ள ஆறு கால்களால் பாசி இழையைப் பிடித்துப் பிடித்து நடக்கும். கடைசி இரண்டு கால்கள் பின்பக்கம் பார்த்திருக்கும், விழாமல் பற்றிக்கொள்வதற்கு. வழுக்கும் கண்ணாடியில் விட்டால் பாவம், எட்டுக் காலையும் காற்றில் துழாவிக்கொண்டு அங்கேயே கிடக்கும். வாய்க்குள் இரண்டு ஊசிகள் உண்டு. பாசியின் உயிரணுவில் குத்திச் சாற்றை உறிஞ்சும். தோல் கண்ணாடி போல் இருப்பதால் குடித்த பச்சை நிறம் வயிற்றில் அப்படியே தெரியும். இதயம் கிடையாது, நுரையீரல் கிடையாது, மூச்சு தோல் வழியாகவே. சில இனங்கள் தோலுரித்துவிட்டு, அந்தப் பழைய சட்டைக்குள்ளேயே முட்டையிட்டுவிட்டுப் போகும். முதல்முறை அதைப் பார்த்த பிள்ளைகள் பாடவேளை மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். எனக்கு அக்கா என்றால் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, துளசி, கற்றாழை என்று வரிசையாகத் தொட்டி வைத்திருப்பவர். ஒருநாள் நான் அவருடைய கறிவேப்பிலைத் தொட்டியில் பாசியைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, என் தொட்டியில என்ன நோண்டுறீங்க?”

“இதுல கரடி இருக்குக்கா.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “கரடியா? டெங்கிக்குச் சோதனை பண்ண வர்றவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்றார். அதுதான் அவருடைய முதல் கவலை. இரண்டாவது கவலை, கடிக்குமா. கடிக்காது, கொசுவும் ஆகாது என்று சொல்லி, என் வீட்டுக்கு அழைத்துப்போய், ஊறவைத்த பாசியைப் பிழிந்து கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியில் காட்டினேன். முதலில் தன் கண் இமை முடியைப் பார்த்துவிட்டு “ஆமா, காலு தெரியுது” என்றார். எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நான் திருகைச் சரிசெய்து, “மூச்சுவிடாம பாருங்கக்கா” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஐயோ, நடக்குது தம்பி! தொப்பையைத் தூக்கிக்கிட்டு நடக்குது!”

அப்புறம் அவர் கேட்டாரே ஒரு கேள்வி. வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுத்த எனக்கு யாரும் அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. “தொட்டி வெயில்ல காஞ்சு கருகிக் கிடக்குமே, அப்போ இது எங்க போகும்?” எங்கேயும் போகாது, அதுவும் சேர்ந்து காய்ந்துவிடும் என்றேன். “அப்போ செத்துடும்.” சாகாது. “அப்போ உசிரோட இருக்கும்.” அப்படியும் சொல்ல முடியாது. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “காஞ்ச நெத்திலியைத் தண்ணியில ஊறப்போட்டா உப்பும் தம்பி, நீந்தாது. எனக்கே கதை விடுறீங்களா?”

நேயர்களே, விஷயமே அந்த நெத்திலியில்தான் இருக்கிறது. நெத்திலி காயும்போது அதன் உயிரணுக்கள் கிழிந்து, சுருங்கி, உள்ளே இருக்கும் புரதமெல்லாம் உருக்குலைந்துவிடும். திரும்பத் தண்ணீர் விட்டாலும் பழைய அமைப்பு வராது. நீர்க்கரடி காய்வதற்கு முன்னால் தயாராகிவிடுகிறது. எட்டுக் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பைக் குறுக்கி ஒரு பொட்டாகும். காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகி, உயிரணுவின் உறுப்புகளை இடம் பெயராமல் பிடித்துக்கொள்ளும் சில புரதங்களைச் சுரக்கும். உடம்பின் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் மிஞ்சும். செரிமானம் இல்லை, சுவாசம் இல்லை, அளந்து பார்க்கும்படியாக எந்த இயக்கமும் இல்லை. இந்த நிலைக்கு டேவிட் கெய்லின் என்ற அறிவியலாளர் 1959இல் கிரிப்டோபயாசிஸ் என்று பெயர் வைத்தார். மறைவாழ்வு என்று சொல்லிக்கொள்ளலாம். மழை வந்தால் சில நிமிடங்களில், சில வேளை சில மணி நேரத்தில், காலை நீட்டி எழுந்து நடக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். மெதுவாகக் காய்ந்தால்தான் இதெல்லாம். வெறும் கண்ணாடியில் ஒரு துளித் தண்ணீரோடு விட்டு, மின்விசிறிக் காற்றில் சட்டென்று உலரவிட்டால் செத்துப்போகும். தயாராக நேரம் வேண்டும். பாசி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நிதானமாகத்தான் விடும். அதனால்தான் நீர்க்கரடி பாசியை விட்டுப் போவதில்லை.

காய்ந்தது எழுந்து நடக்கும் சங்கதி புதிதல்ல. 1702இல் ஹாலந்தில் லேவன்ஹுக் என்ற நுண்ணோக்கி ஆராய்ச்சியாளர் தன் வீட்டுக் கூரையில் மழைநீர் வடியும் சாக்கடையின் காய்ந்த வண்டலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அவர் கண்டது நீர்க்கரடி இல்லை, அதே பாசியில் கூடவே குடியிருக்கும் ரோட்டிஃபர் என்ற இன்னொரு பிராணி. நீர்க்கரடியை முதலில் விவரித்தவர் கோட்சே என்ற ஜெர்மானியப் பாதிரியார், 1773இல். கூரைச் சாக்கடையை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

இப்போது சாதனைகளுக்கு வருகிறேன். இவற்றையெல்லாம் வாட்ஸ்அப் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். 2007 செப்டம்பரில் ஃபோட்டான் எம்3 என்ற விண்கலத்தில் காய்ந்த நீர்க்கரடிகளை ஏற்றி, பத்து நாள் வெட்டவெளியில் திறந்துவைத்தார்கள். காற்றில்லாத வெறுமையைப் பெரும்பாலானவை தாங்கிக்கொண்டன. அதோடு சூரியனின் புற ஊதாக்கதிரும் முழுதாகப் பட்டவற்றில் பிழைத்தவை வெகு சில. செய்தி சொல்பவர்கள் பின்பாதியை விட்டுவிடுவார்கள்.

120 வருடம் கழித்து எழுந்தது என்றும் சொல்வார்கள். அது 1948இல் இத்தாலியில் ஓர் ஆய்வாளர் அருங்காட்சியகத்துப் பழம்பாசியை நனைத்தபோது ஒன்றின் கால் லேசாக அசைந்ததாக எழுதிய குறிப்பு. எழுந்து நடக்கவில்லை. நன்றாகப் பதிவான கதை ஜப்பானியர்களுடையது. 1983 நவம்பரில் அண்டார்க்டிகாவில் எடுத்த பாசியை உறைய வைத்து, 2014 மே மாதம் பனி இளக்கிப் பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கும் மேல். இரண்டு நீர்க்கரடிகள் அசைந்தன. ஒன்று இருபது நாளில் இறந்துவிட்டது. மற்றது சாப்பிட்டுத் தேறி, 19 முட்டையிட்டது. அதில் 14 பொரித்தன. அந்தப் பதினான்கைத்தான் நான் நம்புகிறேன், அசைந்த காலை நம்புவதைவிட.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. 2021 டிசம்பரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் வெளிநாட்டு நண்பர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காய்ந்த நீர்க்கரடி ஒன்றை குவாண்டம் கணினிச் சில்லின் கியூபிட் ஒன்றின் மேல், அதாவது அந்தக் கணினி கணக்குப் போடும் சின்னஞ்சிறு உறுப்பின் மேல், வைத்துக் குளிரூட்டினார்கள். எவ்வளவு குளிர்? இதற்குக் கீழே வெப்பநிலையே கிடையாது என்கிறோமே, அந்த அடிமட்டத்துக்கு மேலே நூறில் ஒரு டிகிரிகூட இல்லை. 420 மணி நேரம், அதாவது பதினேழு நாளுக்கும் மேல். பிறகு மெல்ல வெளியே எடுத்து நீர் விட்டால், எழுந்துவிட்டது! அந்த நீர்க்கரடி எங்கே பிடித்தது தெரியுமா? டென்மார்க்கில், ஒரு கூரைச் சாக்கடையில்.

நீர்க்கரடியும் கியூபிட்டும் குவாண்டம் முறையில் பின்னிக்கொண்டன, அதாவது ஒன்றின் நிலையை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டன என்று அந்த ஆய்வில் எழுதியதை மற்ற இயற்பியலாளர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தூசியை அங்கே வைத்திருந்தாலும் அதே அளவுகள் கிடைத்திருக்கும் என்றார்கள். எனக்கு இயற்பியல் ஓடாது. ஆனாலும் அவர்கள் பக்கம்தான் சாய்கிறேன். பின்னியதோ இல்லையோ, பிழைத்தது பிழைத்ததுதானே.

சரி, என் சண்டைக்குத் திரும்புகிறேன். மேலே சொன்ன விண்வெளி, குவாண்டம் கதைகள் இரண்டிலும் பிராணி காய்ந்து கிடந்தது. ஜப்பான் கதையில் உறைந்து கிடந்தது. எதிலும் அது நடமாடிக்கொண்டிருக்கவில்லை. நடமாடும்போது என்ன ஆகும்? கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் அதையும் சோதித்து 2020இல் எழுதினார்கள். குவாண்டம் ஆய்வில் இருந்த அதே இனம். ஈரத்தில், நன்றாக நடமாடும் நீர்க்கரடிகளை ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்தால், 37.1 டிகிரியில் பாதி செத்துவிட்டன. முப்பத்தேழு! காய்ந்த நிலையில் இருந்தவற்றை ஒரு மணி நேரம் வைத்தால், 82 டிகிரியைத் தாண்டித்தான் பாதி செத்தன. அதே காய்ந்தவற்றையே ஒரு நாள் முழுக்க வைத்தால் 63 டிகிரியில் பாதி போய்விட்டன.

37 என்றதும் உங்களுக்கு எதுவும் ஞாபகம் வருகிறதா? 2023 மே 13, அங் மோ கியோ. நம் தீவில் பதிவான ஆக அதிக வெப்பநிலை, சரியாக 37 டிகிரி. 1983இல் தெங்காவில் பதிவானதற்குச் சமம். எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள். அங் மோ கியோவில் அந்தச் சூடு நாள் முழுக்க நிற்கவில்லை. தவிர, அப்படி வெயில் கொளுத்தும் நாளில் சுவர்ப்பாசி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், உள்ளே இருப்பதும் சுருண்டுவிடும். எனக்குக் கவலை வேறு. ஈரமாகவே இருக்கும் இடத்தில், ராத்திரியும் இறங்காத சூட்டில் மாட்டிக்கொண்டால் அதற்குச் சுருள வழியே இல்லை. காயாமல் சூடாவதுதான் அதற்கு ஆபத்து. சாகவே சாகாது என்று செய்தி அனுப்புகிறவர்களுக்கு நான் திருப்பி அனுப்புவது இந்த ஓர் எண்ணைத்தான், முப்பத்தேழு புள்ளி ஒன்று.

கடினமான இடங்களை அது விரும்பித் தேடிப் போவதும் இல்லை. வெந்நீர் ஊற்றுகளில் சுகமாகப் பெருகும் நுண்ணுயிர்கள் உண்டு, அவை வேறு சாதி. நீர்க்கரடிக்கு வேண்டியது நமக்கு வேண்டியதுதான். மிதமான சூடு, ஈரம், சாப்பாடு. அது கிடைக்காதபோது அது போராடுவதில்லை, வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது.

தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். நிலவைப் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தேன். 2019 ஏப்ரலில் இஸ்ரேலின் பெரஷீட் கலம் நிலவில் மோதியபோது உள்ளே காய்ந்த நீர்க்கரடிகள் இருந்தன. அவை உயிரோடு அங்கே உலாவுகின்றன என்பதெல்லாம் கற்பனை. பிறகு பிரிட்டனில் உறைந்த நீர்க்கரடிகளைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்ததில், நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகம் வரைதான் பிழைத்தன. அதைவிட வேகம் கூடினால் கூழ்தான்.

டோக்கியோ பல்கலைக்கழகக்காரர்கள் 2016இல் கண்டுபிடித்த டிசப் என்ற புரதத்துக்கு ஒரு பேச்சு தனியாகவே வேண்டும். மனித உயிரணுக்களில் அதைச் சேர்த்தால் எக்ஸ்ரேயால் மரபணுவுக்கு வரும் சேதம் சுமார் நாற்பது விழுக்காடு குறைந்தது. மருந்துகளைக் குளிர்பெட்டி இல்லாமல் காயவைத்து அனுப்பும் ஆராய்ச்சியும் இந்தப் பிராணியிடமிருந்துதான்... ஒரு விரலாகிவிட்டது.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் அவசரமாகச் சொல்கிறேன். பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ பாசியைக் கிள்ளாதீர்கள், அனுமதியில்லாமல் அங்கே செடி எடுப்பது சட்டப்படி குற்றம். உங்கள் தொட்டிப் பாசி போதும், பக்கத்து வீட்டுத் தொட்டியென்றால் கேட்டுவிட்டு. ஒரு சிட்டிகையை மழைத்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் கிருமிநாசினி இருக்கும். காலையில் பிழிந்து, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் நாற்பது மடங்கில் பாருங்கள். முதல் சொட்டில் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள், வேறு தொட்டியையும் பாருங்கள். நன்றி, வணக்கம்.