எண்ணெய் வரி ஏறினால் பஜ்ஜி ஏன் மெலிகிறது?

[காட்சி: மாலை நேர மெரினா. கொதிக்கும் வாணலியில் பஜ்ஜி]

இந்த வாணலியில் கொதிப்பது பாமாயில். அநேகமாக இந்தோனேசியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கப்பலில் வந்திருக்கும். இந்தியா செலவழிக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். அதனால் டெல்லியில் சுங்க வரியைத் தொட்டால் சூடு இந்த அடுப்பு வரை வரும்.

[வரைபடம்: 5.5% → 27.5%]

2024 செப்டம்பர் 14. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. செஸ் என்ற கூடுதல் வரியெல்லாம் சேர்த்தால் 5.5 இருந்த இடத்தில் 27.5.

காரணம் நியாயமானதுதான். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சோயா அறுவடை நெருங்கிய நேரம். அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். மண்டியில் அதற்குக் கீழேதான் போனது. வெளிநாட்டு எண்ணெய் விலை ஏறினால் உள்ளூர் சோயாவுக்கும் விலை கிடைக்கும் என்பது கணக்கு. (மகாராஷ்டிராவில் நவம்பரில் தேர்தல் இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

சரி, விவசாயிக்கு விலை கிடைத்ததா? வரி ஏறிய பிறகும் பல மண்டிகளில் சோயா ஆதரவு விலையைத் தொடவில்லை. 100 கிலோ சோயாவை ஆட்டினால் எண்ணெய் சுமார் 18 கிலோதான் தேறும். மீதியில் பெரும்பகுதி புண்ணாக்கு, கோழித் தீவனத்துக்குப் போவது. சோயா விலையைத் தூக்கி நிறுத்துவதே அந்தப் புண்ணாக்குதான். அதன் விலை விழுந்து கிடக்கும்போது எண்ணெய்க்கு மட்டும் வரி போட்டு என்ன பயன்?

[காட்சி: வாழைக்காய் சீவும் கை]

ஆனால் எண்ணெய் விலை ஏறிவிட்டது. பஜ்ஜிக் கடைக்காரர் சட்டென்று விலையை ஏற்ற மாட்டார், ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். வாழைக்காயை இன்னும் மெல்லிசாகச் சீவுவார்.

ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு பாமாயில் வாங்குபவருக்கு இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. டெண்டரில் அரசு வாங்கும் விலை கூடினால், கூடுவது மானியம். டெல்லி வரி போடும், கோட்டை கஜானா ஈடுகட்டும்!

[வரைபடம்: பணவீக்கம் 6.21%]

அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம். ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பே 6. முதல் குற்றவாளி காய்கறி, எண்ணெய் கூட்டாளி. அதனால் டிசம்பரில் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 6.5 சதவீதத்திலிருந்து அசையவில்லை. பெரும்பாக்கத்தில் கடன் வாங்கி ஃப்ளாட் எடுத்தவர், வட்டிக் குறைப்புக்குப் பிப்ரவரி வரை காத்திருந்தார்.

அப்புறம் 2025 மே 30-இல் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரியைப் பாதியாக்கினார்கள், மொத்தம் 16.5 ஆனது. சுத்திகரித்து வரும் எண்ணெய்க்கான 35.75 சதவீத வரி அப்படியே நின்றது. இந்த இடைவெளி இருந்தால்தான் கச்சாவை வாங்கி இங்கே சுத்திகரிப்பது கட்டுபடியாகும். ஆலைக்காரர்கள் கேட்டு வந்ததும் இதைத்தான்.