பின்லாந்தின் ஐஸ் ஹாக்கி: கோப்பைகளும், அவற்றுக்குக் கீழே உள்ள ஐஸும்

(எஸ்போ நகரில் தமிழ்ப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, விளையாட்டுத் துறை அலுவலர் அவர்களே, சனி ஞாயிறு பாராமல் நம் பிள்ளைகளுக்கு ஸ்கேட் கட்டிவிடும் பயிற்சியாளர்களே, காலை முதல் தேநீர் போட்டுத் தந்துகொண்டிருக்கும் சகோதரிகளே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பின்னால் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். இருக்கை போதாமல் நிற்பவர்கள் பொறுத்தருள வேண்டும். நகர மன்ற உறுப்பினர் அவர்கள் இன்னொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டிய நிலையிலும் கடைசி வரை இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குத் தனி நன்றி. என் கோரிக்கையும் கடைசியில்தான் வருகிறது.

மூன்று செய்திகளைப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கிளப்புகள் எப்படிப் பிறந்தன, லீக் எப்படித் தொழில்முறை ஆனது, ஐரோப்பியப் போட்டிகளில் பின்லாந்துக் கிளப்புகள் என்ன சாதித்தன. இந்த மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். ஐஸ் ஹாக்கிக்கு ஐஸ்தான் சுவர்.

முதல் பின்லாந்து சாம்பியன் பட்டம் 1928இல் ஆடப்பட்டது. வென்றது வீபுரி நகரத்து ரெய்பாஸ். அடுத்த ஆண்டு, 1929இல், பின்லாந்து ஐஸ் ஹாக்கிச் சங்கம் உருவானது. அன்று பனிக்காலத்தில் கூட்டம் சேர்த்த ஆட்டம் பந்தை அடிக்கும் பாண்டி. வட்டமான ரப்பர் பக்கைத் துரத்தும் இந்த ஆட்டம் புது வரவு. இரண்டும் திறந்த வெளியில், வானம் கொடுத்த ஐஸில் நடந்தன. இரண்டு நாள் வெயில் அடித்து ஐஸ் இளகினால் ஆட்டம் இல்லை. அட்டவணையை எழுதியது சங்கம், அதை நடத்துவதா வேண்டாமா என்று தீர்மானித்தது வானிலை.

அந்த வீபுரி இன்று பின்லாந்தில் இல்லை. போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்திடம் போய்விட்டது. ஊர் போனாலும் ரெய்பாஸ் அழியவில்லை. மக்களோடு லாஹ்தி நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய லாஹ்தி பெலிக்கன்ஸ் அந்த மரபின் தொடர்ச்சி. இடம்பெயர்வு என்றால் என்னவென்று இந்த அரங்கில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

தம்பெரே நகரத்துக்கு வருவோம். 1931இல் தொடங்கிய இல்வெஸ், போர்க்கோடரி என்று பொருள்படும் தப்பரா என இரண்டு கிளப்புகள் அங்கே. இல்வெஸுக்கு 16 பட்டங்கள். தப்பராவுக்கு, அதன் பழைய பெயரான டி.பி.கே. காலத்தையும் சேர்த்து, 2024 வரை 20. இல்வெஸின் ஆர்னே ஹொன்கவாரா பெயரில்தான் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கு இன்றும் பரிசு தருகிறார்கள். சாம்பியனுக்குத் தரும் கனடா கிண்ணத்தைக் கனடாவில் குடியேறிய பின்லாந்துக்காரர்கள் அன்பளிப்பாக அனுப்பினார்கள். முதலில், 1951இல், அதைத் தூக்கியது இல்வெஸ். ரசிகர்கள் அதைச் செல்லமாகப் 'பொய்க்கா', அதாவது 'பையன்' என்று கூப்பிடுகிறார்கள். கடல் கடந்து போனவர்கள் பிறந்த ஊருக்கு அனுப்பிய பாத்திரம், 70 ஆண்டுக்கு மேலாக அந்த நாட்டின் ஆகப் பெரிய ஹாக்கிப் பரிசாக இருக்கிறது.

இவ்வளவு பட்டங்கள் ஏன் தம்பெரேவுக்குப் போயின? அந்த ஊருக்குத்தான் ஐஸ் முதலில் கிடைத்தது. 1950களின் நடுவில் கோலுகாத்து தெருவில் நாட்டின் முதல் செயற்கை ஐஸ் தளம். 1965 உலகப் போட்டிக்காக ஹாகாமெத்சாவில் நாட்டின் முதல் கூரையிட்ட ஐஸ் அரங்கம். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் ஓர் அரங்கம் எழுந்தது. அதன் பிறகு 1968இல் கனடாவின் கார்ல் புரூயர் ஆடும் பயிற்சியாளராக ஹெல்சிங்கிக் கிளப்பான ஹெச்.ஐ.எஃப்.கே.க்கு வந்து, 1969இல் பட்டத்தை வாங்கித் தந்தார். கூரை வந்த பிறகுதான் வெளிநாட்டு ஆசான் வந்தார் என்பதைக் கவனியுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

இனித் தொழில்முறை. 1928 முதல் 1975 வரை நடந்தது சங்கம் நடத்திய எஸ்.எம்., அதாவது பின்லாந்துச் சாம்பியன் பட்டத் தொடர். 1975–76 பருவத்தில் 10 அணிகளோடு எஸ்.எம். லீக் தொடங்கியது, முதல் பட்டம் துர்க்கு நகரத்து டி.பி.எஸ்.க்கு. 2000இல் லீக் தனி நிறுவனமானது. கீழ்நிலை லீக்கில் வென்று மேலே ஏறும் கதவும் சாத்தப்பட்டது. 2013இல் பெயர் 'லீகா' என்று சுருங்கியது.

கதவு சாத்தப்படும் முன் கடைசியாக உள்ளே நுழைந்தது ஓலு நகரத்துக் கார்ப்பாத். 1989இல் கீழே விழுந்த அணி அது. பதினோரு பருவம் மேல்மட்டத்தில் இல்லை. 2000இல் ஏறி வந்து 2004, 2005, 2007, 2008, 2014, 2015, 2018 என்று ஏழு பட்டம் வென்றது. 2000 வசந்த காலத்தில் தோற்றிருந்தால் இந்த ஏழும் இல்லை. 2005இல் குவோப்பியோவின் கல்பாவைச் சேர்த்து லீக்கை 14 அணிகள் ஆக்கினார்கள். அந்தக் கல்பா 2025இல் தன் முதல் பட்டத்தை வென்றது. கீழிருப்பவனுக்குக் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இரண்டு கிளப்புகளே போதும்.

பணம் வந்த இடத்தில் ஆபத்தும் வந்தது. 1967இல் பிறந்த ஹெல்சிங்கி யோக்கெரித், யாரி குர்ரியையும் தேமு செலான்னேவையும் தந்த கிளப். 2014இல் லீக்கை விட்டு ரஷ்யாவை மையமாகக் கொண்ட கே.ஹெச்.எல். என்ற லீக்குக்குப் போனது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் விலகியது. 2023இல் இரண்டாம் நிலையான மெஸ்திஸில் மறுபடி தொடங்கியது. நமது எஸ்போவிலேயே பாருங்கள். 1984இல் கியெக்கோ-எஸ்போ என்று பிறந்து புளூஸ் என்று பெயர் மாறிய ஆண்கள் அணியின் நிறுவனம் 2016இல் திவாலானது. ஆனால் பெண்கள் அணி ஆடிக்கொண்டே இருந்தது. சிறார் அணிகளும் நிற்கவில்லை. நிறுவனம் விழுந்தபோது தாங்கியது பெற்றோர் சந்தாவில் நடக்கும் சிறார் அமைப்பு. அந்த அடித்தளத்தின் மேல் வளர்ந்துதான் 2024இல் கியெக்கோ-எஸ்போ மறுபடி லீகாவுக்குள் வந்தது.

பெண்கள் அணி என்றதும் ஒரு மாலையை விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும், பிள்ளைகள் கேட்க வேண்டும்.

2019 ஏப்ரல் 14. இதே எஸ்போ, மெட்ரோ அரேனா. பெண்கள் உலகப் போட்டியின் இறுதி. அதுவரை அந்தப் போட்டியின் இறுதிக்குக் கனடாவும் அமெரிக்காவும் தவிர எந்த நாடும் வந்ததில்லை. பின்லாந்து அரையிறுதியில் கனடாவை 4–2 என்று வென்று வந்திருக்கிறது. எதிரில் அமெரிக்கா. அமெரிக்காவின் ஆனி பங்கோவ்ஸ்கி ஒரு கோல். பின்லாந்தின் சுசன்னா தப்பானி பதில் கோல். 1–1. பின்லாந்துக் கோல் கீப்பர் நூரா ராட்டி மேல் அமெரிக்கர்கள் அலை அலையாக வருகிறார்கள். கோலை நோக்கி வந்த 50 அடிகளை அன்று அவர் தடுத்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது.

கூடுதல் நேரத்தில் பெத்ரா நியெமினென் பக்கைத் தள்ளுகிறார். கோல்! அரங்கமே எழுந்து நிற்கிறது. கையுறை பறக்கிறது, மட்டை பறக்கிறது, வீராங்கனைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். பின்லாந்து உலகச் சாம்பியன்! பெற்றோர்கள் அழுகிறார்கள். அப்போது நடுவர்கள் வீடியோவைப் பார்க்கப் போகிறார்கள். நிமிடங்கள் நகர்கின்றன. கொண்டாடியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். கோலுக்கு முன் பின்லாந்துத் தலைவி யென்னி ஹீரிகோஸ்கியும் அமெரிக்கக் கோல் கீப்பர் அலெக்ஸ் ரிக்ஸ்பியும் மோதியிருக்கிறார்கள். தீர்ப்பு: கோல் கீப்பருக்கு இடையூறு, கோல் செல்லாது. அதே மோதலுக்காக, காலை இடறியதாக அமெரிக்கக் கோல் கீப்பருக்கும் தண்டனை! ஒரே மோதலில் இருவரும் குற்றவாளி என்றால் எப்படி என்று அரங்கம் கொதிக்கிறது. ஆட்டம் தனி அடிகளுக்குப் போய் அமெரிக்கா வென்றது. பின்லாந்துக்கு வெள்ளி.

அந்தத் தீர்ப்பை இன்று மறு விசாரணை செய்ய நான் வரவில்லை. அந்த மாலை வரை பின்லாந்துப் பெண்கள் எந்த வழியில் நடந்து வந்தார்கள் என்பதே என் கேள்வி. பெண்கள் லீக் 1982–83இல்தான் தொடங்கியது; ஆண்கள் பட்டத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பின்னால். 2024இல் அதற்கு அவுரோரா லீகா என்று பெயர் வைத்தார்கள். 1998, 2010, 2018, 2022 ஒலிம்பிக்கில் நான்கு வெண்கலம். கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் ஆண்கள் தொழில்முறை ஆட்டத்தில் கோல் அடித்த முதல் பெண் என்ற பெயரை 2003இல் பெற்றதும் இந்த நாட்டில்தான், கிர்க்கோநும்மி சலாமத் கிளப்புக்காக. இத்தனைக்கும் பிறகு, ஐஸ் நேரத்தைப் பங்கிடும்போது சிறுமியருக்குக் கடைசி நேரம் என்ற மனநிலை எந்த ஊரிலும் இருக்கக் கூடாது. காலை பள்ளிக்குப் போக வேண்டிய பத்து வயதுப் பெண்ணுக்கு இரவு ஒன்பது மணி ஐஸ், ஐஸே இல்லை.

அரங்க நேரம் காசு. கூரைக்குள், கான்கிரீட்டில் பதித்த குழாய்களில் குளிர்திரவம் ஓட, மூன்று நான்கு சென்டிமீட்டர் ஐஸைக் காக்கும் இயந்திரம் நாள் முழுதும் மின்சாரம் தின்னும். ஆகவே காசில்லாத ஐஸ் நமக்கு வேண்டும். அது பள்ளி மைதானத்தில் இருக்கிறது.

தன்னார்வலர்கள் தவறு செய்யும் இடங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகை வந்து சில நாள் நிலைக்க வேண்டும். 10 பாகை என்றால் இன்னும் நல்லது. தரை உறையும் முன் தண்ணீர் விட்டால் மண் குடித்துவிடும். முதலில் விழுந்த பனியைச் சுரண்டாதீர்கள்; மிதித்து இறுக்கி, நனைத்துக் கூழாக்கி உறைய விடுங்கள். அதுதான் அடிப்பூச்சு. மிதிக்காத பொதுபொதுப் பனி மேல் நீர் விட்டால் உள்ளே வெற்றிடம் நின்று, மேலே ஓடு மாதிரி உறைந்து, பிள்ளை ஏறியதும் நொறுங்கும்.

பிறகு ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீட்டர் மட்டும். முழு அளவுத் தளம் இங்கே 60க்கு 28 மீட்டர். 2 மில்லிமீட்டருக்கு 3,360 லிட்டர் நீர். நமக்கு 40க்கு 20 போதும், 1,600 லிட்டர். அவசரப்பட்டு ஒரே இரவில் 2 சென்டிமீட்டர் ஊற்றினால் மேல் தோல் உறைந்து கீழே நீர் நிற்கும். அந்தத் தோலில் ஸ்கேட் கத்தி இறங்கும். குழாயை ஒரே இடத்தில் பிடிக்காமல் பின்னோக்கி நடந்தபடி விசிறி போல் வீசுங்கள். மொத்தம் 5 சென்டிமீட்டர் சேர, 40க்கு 20 தளத்துக்குச் சுமார் 37,000 லிட்டர் ஆகும். வேலை முடிந்ததும் குழாயில் சொட்டு நீர் இல்லாமல் வடித்துச் சூடான அறையில் வையுங்கள். உள்ளே உறைந்தால் மறுநாள் குழாய் கிடையாது. காய்ந்த இலையை உடனே பொறுக்குங்கள். கறுப்பு வெயிலை இழுத்து ஐஸில் குழி போடும். புதுப் பனி விழுந்தால் அன்றே தள்ளுங்கள். அது போர்வை மாதிரி மூடிக் குளிரை உள்ளே விடாது. வெடிப்பில் பனியையும் நீரையும் பிசைந்து அடைத்து, உறைந்த பின் தேயுங்கள். மேற்பூச்சுக்கு வெந்நீர் கிடைத்தால் சிறப்பு. பழைய மேல்தோலைச் சற்று இளக்கி ஒன்றாக ஒட்டும். அரங்கத்து இயந்திரம் வெந்நீர் ஊற்றுவது அதற்காகத்தான்.

ஏரிக்கு மட்டும் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். ஒரு ஆள் நடக்கவே கண்ணாடி போன்ற உறுதியான ஐஸ் 5 சென்டிமீட்டர் வேண்டும். வெளுத்த பனி ஐஸ் அதில் பாதி பலம்தான்.

மூன்றாவது செய்தியான ஐரோப்பியப் போட்டிகளுக்கு நேரம் இல்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஐரோப்பியக் கோப்பையை டி.பி.எஸ். ஒரு முறையும், தொடர்ந்து யோக்கெரித் இரு முறையும் 1990களில் வென்றதையும், சாம்பியன்ஸ் ஹாக்கி லீக்கை 2018இல் யூவஸ்கூலாவின் யூப், 2023இல் தப்பரா வென்றதையும் சொல்லி நிறுத்துகிறேன். 1995, 2011, 2019, 2022 உலகப் பட்டங்களும் 2022 ஒலிம்பிக் தங்கமும் உங்களுக்கே தெரியும். அந்த ஆட்டக்காரர்களும் இப்படிப்பட்ட ஊர்த் தளத்தின் ஐஸில்தான் முதலில் தடுமாறி எழுந்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

நகர மன்ற உறுப்பினர் அவர்களிடம் இரண்டே கோரிக்கை. பள்ளி மைதானத்துத் தண்ணீர்க் குழாயைப் பனிக்காலத்திலும் திறந்து வைக்க அனுமதி வேண்டும். இரவு எட்டு மணி வரை விளக்கு எரிய வேண்டும். அரங்கத்தில் சிறுமியருக்கு மாலை ஆறு மணிக்கு முன் வாரம் இரண்டு நேரம் கேட்கும் மனுவையும் அவர்களிடமே தருகிறோம். பெற்றோரே, வாசலில் இருக்கும் பட்டியலில் எந்த இரவில் குழாய் பிடிக்க வருவீர்கள் என்று பெயரெழுதிவிட்டுப் போங்கள். வாரத்துக்கு ஆறு பேர் வேண்டும். கையுறை நீர் புகாததாக இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.