அவையில் வைத்த அறிக்கையை யார் அச்சிடலாம்?

நண்பர்களே, மக்களவை நிலைக்குழு (உறுப்பினர்களைக் கொண்டு நாடாளுமன்றம் அமைக்கும் குழு) அறிக்கை எதையாவது எடுத்து முன்பக்கங்களைப் பாருங்கள். பதிப்புரிமை மக்களவைச் செயலகத்துக்கு என்று அச்சிட்டிருக்கும். அதே அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை அப்படியே நூலாகப் போட்டுவிடலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் வெளியிடுபவை 'அரசு ஆக்கம்'. உரிமைக் காலம் 60 ஆண்டு. முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். 1964இல் வெளியான விவாதத் தொகுதிக்கு 2024 டிசம்பரோடு உரிமை முடிந்தது.

அதற்குப் பின் வந்தவற்றுக்கு 52ஆம் பிரிவின் விலக்குகளைப் பார்க்க வேண்டும். அரசிதழில் வந்தவற்றை மறுபதிப்பிடலாம். சட்டத்தின் மூலத்தை மட்டும் தனியாக அச்சிட அந்த விலக்கு இடம் தரவில்லை. விளக்கவுரையோ வேறு சொந்த எழுத்தோ உடன் இருக்க வேண்டும். சட்டங்களைத் தமிழாக்கம் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அரசின் தமிழாக்கம் ஏற்கெனவே விற்பனையில் இருந்தால் இந்த விலக்கு கிடையாது. இல்லாதபோதும், 'இது அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பு அன்று' என்று கண்ணில் படும் இடத்தில் போட்டே ஆக வேண்டும்.

சிக்கல் குழு அறிக்கைகளில்தான். 'அரசு நியமித்த' குழு அல்லது ஆணையத்தின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டிருந்து, அரசு தடை போடாமலும் இருந்தால் வெளியிடலாம் என்கிறது சட்டம். விசாரணை ஆணைய அறிக்கைகள் இதில் அடங்கும். நிலைக்குழுவை அமைப்பது அரசல்ல, நாடாளுமன்றம். ஆகவே மக்களுக்கு மிகவும் பயன்படும் அந்த அறிக்கைகள் இந்த வரிக்குள் தெளிவாக வரவில்லை. விவாதங்களைப் பெயர் சொல்லி விலக்கும் வரியும் இல்லை. மேற்கோளுக்கும் விமர்சனத்துக்கும் உள்ள நியாயமான பயன்பாட்டு விதிதான் துணை. இது பெருங்குறை என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டன் நாடாளுமன்றம் தன் ஆவணங்களுக்குத் திறந்த உரிமம் தந்திருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். நம் இரு அவைகளும் அதைச் செய்யலாம். 52ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தாலும் போதும்.

மேற்கோள் காட்டும்போது இன்னும் இரண்டைப் பாருங்கள். அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களை வெளியிட்டால் அது பதிப்புரிமைப் பிரச்சினை அன்று, அவையின் சிறப்புரிமையை மீறும் குற்றம். பேச்சு நடந்த அன்று மாலை எடுத்த வரைவுப் பிரதியில் இருக்கும் சொல், திருத்திய பதிப்பில் நட்சத்திரக் குறியாகியிருக்கலாம். திருத்திய பதிப்போடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அடுத்தது, தமிழில் பேசிய உறுப்பினரின் உரை மக்களவை ஆங்கிலப் பதிவில் மொழிபெயர்ப்பாகவே இருக்கும், அடிக்குறிப்போடு. அதை மறுபடி தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் வைத்தால், அவர் சொல்லாத சொற்களை அவர் வாயில் வைத்ததாகிவிடும். ஒளிப்பதிவைக் கேட்டு எழுதுங்கள்.

நகலே கிடைக்காதபோது தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அதன் 9ஆம் பிரிவுப்படி, அரசு அல்லாத வேறொருவரின் பதிப்புரிமையை மீறுவதாக இருந்தால்தான் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியும். செயலகம் தன் சொந்தப் பதிப்புரிமையைக் காட்டி நகலை மறுக்க இடமில்லை. நகல் வாங்கிய பிறகு முழுமையாக மறுபதிப்பிட வேண்டுமானால், அறிக்கை எண், அவையில் வைத்த தேதி, வேண்டிய பக்கங்கள், அச்சா இணையமா என்பதைக் குறித்துச் செயலகத்துக்குத் தனியே அனுமதிக் கடிதம் எழுதுங்கள்.