பாய்காட் என்றொரு மனிதர்

நேயர்களுக்கு வணக்கம். படத்தை பாய்காட் செய்யுங்கள், கூட்டத்தை பாய்காட் செய்தார்கள் என்று செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த வினைச்சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயர். பாவம், அவர் எதையும் புறக்கணித்தவர் அல்ல, புறக்கணிக்கப்பட்டவர்.

சார்லஸ் பாய்காட் ஆங்கிலேயர். அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1879-இல் விளைச்சல் பொய்த்தது. அடுத்த ஆண்டு, குத்தகையில் கால் பங்கைத் தள்ளிக் கொடுங்கள் என்று குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு அவ்வளவுக்கு இறங்கவில்லை. நிலத்தைவிட்டு வெளியேற்ற பாய்காட் அனுப்பிய நோட்டீஸோடு வந்த ஆளைப் பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வீசி விரட்டினார்கள்.

இதற்குச் சில நாள் முன்புதான் அயர்லாந்துக் குடியானவர் இயக்கத்தின் தலைவர் பார்னெல் எனிஸ் என்ற ஊரில் ஒரு வழி சொல்லியிருந்தார். குடியானவனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் எடுத்தால் என்ன செய்வது? "சுடு" என்றது கூட்டம். வேண்டாம், தெருவிலும் கடையிலும் சந்தையிலும் ஒதுக்கி வையுங்கள் என்றார் அவர். அந்த ஆயுதம் பாய்காட் மீது பாய்ந்தது. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். துணி வெளுக்க ஆளில்லை, குதிரைக்கு லாடம் அடிக்க ஆளில்லை. பக்கத்து ஊரான பாலின்ரோபின் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள்.

ஊர்விலக்கு நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் பக்கம் பெரும்பாலும் வலுத்தவர்கள் இளைத்தவர்களைத் தள்ளிவைப்பார்கள். மேயோவில் நடந்தது தலைகீழ்.

விளைந்த உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வயலில் கிடந்தன. வடக்கேயிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள்! சுமார் 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். டர்னிப் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கேலி செய்தார்.

சரி, பெயர் எப்படி வினையானது? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார். சமூக விலக்கைக் குறிக்கும் கிரேக்கவழிச் சொல் பாமரர்களுக்கு விளங்காதே என்று அவர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ மாலியிடம் கேட்டாராம். பாதிரியார் நெற்றியைத் தட்டிக்கொண்டு, "பாய்காட் செய்வது என்று சொன்னால் எப்படி இருக்கும்?" என்றாராம். 1880 முடிவதற்குள் லண்டன் பத்திரிகைகளே அந்தச் சொல்லை எழுதத் தொடங்கின. அப்புறம் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் என்று எல்லாம் எடுத்துக்கொண்டன.

பாய்காட் அந்த டிசம்பரிலேயே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வழியில் டப்ளினில் தங்கப் போன ஹோட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அயர்லாந்து என்ற பெயரையே எடுக்க மாட்டார்கள். இவரோ பிற்காலத்தில் விடுமுறைக்கு அங்கேதான் போய்வந்தார்.